கணவர் சேர்த்த கோப்புகளை எப்படிக் காப்பது? ஊத்தங்கரை சகோதரியின் கடிதத்துக்குப் பதில்

ஊத்தங்கரை பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 56. கணவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் காலமானார். லீவு நாள் என்றால் டூ வீலரை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி, தருமபுரி கிராமங்களுக்குப் போய் நடுகற்களைப் படம் எடுப்பது அவர் வழக்கம். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துகளையும் பதிவு செய்திருக்கிறார். பழைய கேசட்டுகளையும் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார். குடும்பப் படங்கள், மகள் கல்யாண வீடியோ எல்லாம் சேர்த்து 420 ஜிபி. அதே கணினியில்தான் இந்தச் சகோதரி தன் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கையும் எழுதுகிறார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, தரையில் இருந்த சிபியுவைக் கடைசி நேரத்தில் கட்டில்மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். அன்று முதல் இந்தக் கவலை. போன மாதத்திலிருந்து கணினி மெதுவாகிவிட்டது. இடையிடையே 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. "டி டிரைவில் இருப்பதை ஈ டிரைவிலும் ஒரு காப்பி வைத்திருக்கிறேன், முக்கியமானது பென் டிரைவிலும் இருக்கிறது, அது போதாதா?" என்று கேட்கிறார். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினிகளில், போடச் சொல்கிறார். கடைக்காரர் இரண்டு ஹார்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டிப் பலரும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி) வாங்கச் சொல்கிறார், மூன்று வருட வாரண்டி உண்டாம். அக்கா மகன், யூடியூபில் யாருக்கும் தெரியாதபடி ஏற்றிவிட்டால் காசே செலவில்லை என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? கிளவுடில் போட்டால் மற்றவர்கள் பார்ப்பார்களா? எனக்குப் பிறகு பிள்ளைகளுக்கு இதெல்லாம் கிடைக்குமா? இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் படம் எடுத்த நடுகற்களில் சில இன்று அதே இடத்தில் இல்லாமல் போயிருக்கலாம். ரோடு அகலப்படுத்தும்போதும் நிலத்தைச் சமன் செய்யும்போதும் கற்கள் இடம் மாறுகின்றன, உடைகின்றன, மண்ணுக்குள் போகின்றன. அந்தக் கூத்துகளில் பாடியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லாமல் இருக்கலாம். திரும்ப எடுக்கவே முடியாத கோப்புகள் உங்களிடம் இருக்கின்றன. தருமபுரியில் கணினிப் பழுதும் டிஸ்கிலிருந்து தரவு மீட்கும் வேலையும் செய்கிறவன் என்ற முறையில், ஒரே ஒரு இடத்தில் இருந்து தொலைந்துபோன இப்படிப்பட்ட கோப்புகளுக்காக வருத்தப்படும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

முதலில் அந்தச் சத்தம்

எதை வாங்குவது என்பதைப் பிறகு பார்ப்போம். 'டக் டக்' சத்தமும் மெதுவாவதும் சேர்ந்து வந்தால் ஹார்டு டிஸ்க் பழுதாகத் தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே சுழலும் தட்டிலிருந்து படிக்கும் முனை தகவலைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போது அந்தச் சத்தம் வரும். அது இன்னும் ஒரு வருடம் ஓடலாம், நாளைக் காலையிலேயே நிற்கலாம். அதனால் இன்று முதல் அந்தக் கணினியில் பாட்டுக் கேட்பது, படம் பார்ப்பது எதுவும் வேண்டாம். குழுக் கணக்கைக்கூட இரண்டு நாள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே 1 டிபி அல்லது 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றை பில்லோடு வாங்குங்கள். சிபியுவின் பின்பக்க யுஎஸ்பியில் மாட்டிக் காப்பி செய்யுங்கள். முழு டிரைவையும் ஒரே தடவையில் இழுத்துப் போடாதீர்கள். நடுவில் ஒரு கோப்பு மாட்டிக்கொண்டால் எல்லாம் நின்றுவிடும். கூத்துப் பதிவுகள் முதலில் போகட்டும். அப்புறம் நடுகல் படங்கள், அதற்குப் பிறகு குடும்பப் படங்கள். கல்யாண வீடியோ கடைசியில் போனால் போதும். பெரிய கோப்பு, மகளிடமோ சம்பந்தி வீட்டிலோ ஒரு காப்பி இருக்க வாய்ப்பு அதிகம். டி டிரைவிலிருந்து எடுத்தால் போதும். ஏதாவது ஒரு கோப்பு அங்கே திறக்கவில்லை என்றால் மட்டும் ஈ டிரைவில் இருப்பதை முயன்று பாருங்கள்.

காப்பி ஓடும்போது சத்தம் கூடினாலோ ஃபோல்டர் திறக்க மறுத்தாலோ உடனே நிறுத்திக் கணினியை அணைத்துவிடுங்கள். டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸின் 'செக் டிஸ்க்' ஓட்டச் சொல்வார்கள், 'ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடும்' என்பார்கள். இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். பழுதான டிஸ்கில் அவை மிச்சமிருப்பதையும் கெடுத்துவிடக்கூடும். தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம்தான் அந்த டிஸ்க் போக வேண்டும். அதற்குச் செலவு நிறைய ஆகும், எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவும் முடியாது.

டி டிரைவும் ஈ டிரைவும்

உங்களைப் போல நினைப்பவர்கள் ஏராளம், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. திரையில் தனித்தனிப் படமாகக் காட்டினால் தனித்தனிப் பொருள் என்றுதான் யாருக்கும் தோன்றும். உங்கள் சிபியுவுக்குள் இருப்பது ஒரே ஹார்டு டிஸ்க். சி, டி, ஈ என்பவை அதே டிஸ்கில் பிரித்துக்கொண்ட பகுதிகள். ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் நகையைப் பிரித்து வைப்பது போலத்தான் இது. வெள்ளம் வந்தால் இரண்டு அறைக்கும் வரும். ஆக இன்றைய தேதியில், பென் டிரைவில் உள்ள கொஞ்சத்தைத் தவிர்த்து, உங்களிடம் இருப்பது ஒரே காப்பிதான்.

பென் டிரைவை நீண்ட நாள் சேமிப்புக்கு நம்ப வேண்டாம். எங்காவது கொண்டுபோய்க் கொடுக்க அது நல்லது. வருடக்கணக்கில் மின்சாரம் படாமல் பீரோவில் கிடந்தால் அதில் உள்ள தகவல் மெல்ல அழியக்கூடும். மலிவான பென் டிரைவ்களில் அந்த ஆபத்து அதிகம். 'சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ்' என்று விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உள்ளே கொஞ்சம் இடம்தான் இருக்கும், பெரிய அளவு இருப்பதாகக் கணினிக்குப் பொய் சொல்லும். நிரம்பிய பிறகு போடுகிற கோப்புகள் பெயரளவில் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

வாரண்டி பற்றியும் ஒரு வார்த்தை. கடைக்காரர் சொல்லும் மூன்று வருட வாரண்டி டிஸ்குக்கு மட்டும்தான். கெட்டுப்போனால் புது டிஸ்க் தருவார்கள், அதில் உங்கள் கணவர் எடுத்த ஒரு படமும் இருக்காது.

மூன்று யோசனைகளையும் எடை போட்டால்

மகன் சொல்வதில் பாதி சரி. கிளவுடின் பெரிய பலம், அது உங்கள் வீட்டில் இல்லை என்பதே. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதையும் நீங்களே பார்த்தவர். அப்படி ஒரு நாளில் வீட்டில் எத்தனை காப்பி இருந்தாலும் ஒரே கதிதான். ஆனால் 420 ஜிபியை ஏற்றுவது லேசான வேலை இல்லை. நொடிக்கு 20 மெகாபிட் அப்லோடு வேகம் குறையாமல் கிடைத்தால்கூட இடைவிடாமல் 46 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிராமத்தில் செல்போன் நெட்டை வைத்துக்கொண்டு, கரண்ட் போய் வந்துகொண்டிருக்கும்போது, அது வாரக்கணக்கில் இழுக்கும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபிதான். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவே. அதற்கு மேல் சந்தா. சந்தா கட்டுவது உங்களுக்குப் பிறகும் தொடர வேண்டும் என்பதையும் யோசியுங்கள்.

இன்னொரு விஷயத்தை மகனிடமும் சொல்லுங்கள். கணினி ஃபோல்டரோடு கிளவுடை இணைத்து வைத்தால் அது 'சிங்க்'. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். பேரப்பிள்ளை விளையாட்டாக ஒரு ஃபோல்டரை அழித்து, அதை இரண்டு மாதம் கழித்து நீங்கள் கவனித்தால், சிங்க் உங்களைக் காப்பாற்றாது.

நாஸ் பெட்டி நல்ல கருவிதான், உங்கள் தேவைக்கு அது பொருந்தாது. அதில் இரண்டு டிஸ்கும் ஒரே நேரத்தில் ஒரே தகவலை எழுதிக்கொள்ளும். ஒன்று கெட்டால் இன்னொன்று கைகொடுக்கும். ஆனால் தவறுதலாக ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் வந்தால் இரண்டுக்கும் வரலாம். தண்ணீர் வந்தால் பெட்டியே போய்விடும். விலையும் அதிகம், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளும் வேண்டும். தினமும் நாலைந்து பேர் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு அதைச் சிபாரிசு செய்வேன்.

யூடியூப் வேண்டவே வேண்டாம். ஏற்றியதும் அது வீடியோவைச் சுருக்கித் தன் வடிவத்துக்கு மாற்றிவிடும். நீங்கள் திரும்ப இறக்கினால் வருவது அந்தச் சுருக்கிய பிரதிதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் இதே கதைதான். படத்தின் தரம் குறைவது ஒரு பக்கம். கேமரா அல்லது போன் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதிவைக்கும் தேதியும், சில நேரம் எடுத்த இடமும் வாட்ஸ்அப்பில் போகும்போது உதிர்ந்துவிடுகின்றன. நடுகல் படத்தைப் பொறுத்தவரை எந்த ஊர், எந்த வருடம் என்ற தகவல் போனால் அதன் மதிப்பில் பாதி போய்விட்டது. அதனால் எந்தக் காப்பி எடுத்தாலும் மூலக் கோப்பு அப்படியே இருக்க வேண்டும்.

நான் சொல்வது இதுதான்

இந்த வாரம் வாங்குவதையும் சேர்த்து மொத்தம் இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள், முடிந்தால் வேறு வேறு கம்பெனி. ஒன்று உங்கள் வீட்டில், மற்றது ஓசூரில் மகன் வீட்டில். இவற்றுக்கு மேல், சின்னதாகவும் மிக முக்கியமாகவும் உள்ளதை மட்டும் கிளவுடில் வையுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய '3-2-1' என்ற முறை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். உங்கள் ஏற்பாடும் அதற்குள் அடங்கிவிடும். பழைய கணினியின் டிஸ்கை மட்டும் இனி ஒரு பிரதியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்; அதை மாற்றிப் புது டிஸ்க் போட்டு, கோப்புகளை அதில் திரும்ப ஏற்றியாக வேண்டும்.

பீரோவில் கிடக்கப் போகும் பிரதிக்கு, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியைவிடச் சாதாரண ஹார்டு டிஸ்கையே தேர்ந்தெடுப்பேன். எஸ்எஸ்டி கீழே விழுந்தாலும் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் விலை கூடுதல், மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடப்பதும் அதற்கு நல்லதில்லை. ஹார்டு டிஸ்கின் எதிரி அதிர்ச்சி. ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்தாதீர்கள். திரையில் 'எஜெக்ட்' கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

காப்பி முடிந்ததும் கழற்றிவிடுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ரேன்சம்வேர் என்ற வைரஸ் கணினிக்குள் வந்தால், அதோடு மாட்டியிருக்கும் டிஸ்குகளையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிகளையும் அலுவலகங்களையும் முடக்கியது. உங்கள் கணினியில் இருப்பது விண்டோஸ் 10 என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. கழற்றி பீரோவில் வைத்த டிஸ்கை எந்த வைரஸும் தொட முடியாது. பீரோவில் கீழ்த்தட்டு மட்டும் வேண்டாம்.

காப்பி ஆனது என்று திரையில் வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். ஃபோல்டர்மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் எத்தனை கோப்பு, எவ்வளவு அளவு என்று காட்டும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் மகளின் லேப்டாப்பில் மாட்டி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்தைத் திறந்து பாருங்கள். ஒரு கூத்துப் பதிவை நடுவிலிருந்து ஓட்டிக் கேளுங்கள்.

பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் மகன் ஊருக்கு வருவார் இல்லையா? அந்த இரண்டு தடவையும் அவர் தன்னிடமுள்ள டிஸ்கைக் கொண்டு வரட்டும். புதிதாகச் சேர்ந்ததை இரண்டிலும் ஏற்றி, டிஸ்கை மாற்றிக்கொண்டு போகட்டும். பழைய கோப்புமேல் புதியதை எழுதாமல், தேதி போட்ட புது ஃபோல்டராகப் போடுங்கள். புதியது ஒருவேளை தெரியாமல் கெட்டிருந்தால் பழையது கைகொடுக்கும்.

கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கணினியில் ஏற்றியாகிவிட்டது என்பதற்காக மூலத்தை விடக் கூடாது. இன்னும் நல்ல கருவியில் ஒரு நாள் மறுபடி ஏற்ற வேண்டி வரலாம்.

குழுக் கணக்கு தனி

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தருமபுரி மாவட்டத்தில்தான் 1989-ல் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அந்த வழியில் வந்த உங்கள் குழுவின் கணக்கு சின்னக் கோப்புதான், ஆனால் அடிக்கடி மாறுவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது அதற்குப் போதாது. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் கூகுள் டிரைவில் ஒரு பிரதி போடுங்கள்.

உறுப்பினர்களின் ஆதார், பாஸ்புக் நகல்களும் அதில் இருக்கின்றன என்கிறீர்கள். அவை உங்கள் சொத்து இல்லை. அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை. பென் டிரைவில் அந்த நகல்கள் இருந்தால் அவற்றை மட்டும் அழித்துவிடுங்கள். 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டுப் பொதிந்து, அந்தப் பொதியை மட்டும் கிளவுடில் ஏற்றுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் திறக்க வழியில்லை, ஆகவே நோட்டில் எழுதி வையுங்கள்.

கிளவுடில் மற்றவர்கள் பார்ப்பார்களா என்ற உங்கள் கேள்விக்கும் இங்கேயே பதில். கோப்புகள் பூட்டப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் கூகுள் டிரைவ் போன்ற சேவைகளில் அந்தப் பூட்டின் சாவி நிறுவனத்திடமும் இருக்கிறது. நடைமுறையில் பெரிய ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது: எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதும், போனில் கேட்பவரிடம் ஓடிபி சொல்வதும். பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

கணவரின் கூகுள் கணக்கு: இதில் தாமதம் கூடாது

நீங்கள் கேட்காத ஒன்று. கூகுள் இலவசமாகத் தரும் அந்த 15 ஜிபி இடம் உங்கள் கணவரின் கணக்கிலும் இருக்கிறது, அதில் அவருடைய கோப்புகள் இருக்கலாம். 2 வருடம் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, உள்ளே இருக்கும் படங்களோடு, கூகுள் நீக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. அவருடைய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். 90 நாள் பயன்பாடில்லாமல் கிடந்தால் எண் ரத்தாகி வேறொருவருக்குப் போய்விடலாம்; பிறகு ஓடிபி உங்களுக்கு வராது. அவருடைய போனில் கணக்கு இன்னும் திறந்திருந்தால் 'கூகுள் டேக்அவுட்' மூலம் எல்லாவற்றையும் இறக்கி அந்த இரண்டு டிஸ்கிலும் சேருங்கள். இறக்கும் இணைப்பு ஒரு வாரம்தான் செல்லும். கணக்குக்குள் போகவே முடியவில்லை என்றால், இறந்தவரின் கணக்கு தொடர்பாகக் குடும்பத்தார் விண்ணப்பிக்க கூகுளில் தனி வழி உண்டு. இறப்புச் சான்றிதழ் தேவைப்படும். பாஸ்வேர்டு தரமாட்டார்கள், சில சூழ்நிலைகளில் உள்ளடக்கத்தைத் தருவார்கள்.

உங்கள் கணக்குக்கு இந்தச் சிரமம் வராமல் இப்போதே செய்துவிடலாம். கூகுள் அமைப்புகளில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று இருக்கும். இத்தனை மாதம் நான் வராவிட்டால் இவர்களுக்குக் கொடு என்று மகன், மகள் இருவர் பெயரையும் அதில் குறிப்பிடலாம். கூடவே ஒரு நோட்டில் எந்த டிஸ்கில் என்ன இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன என்று எழுதி, நிலப் பத்திரம் வைக்கும் இடத்திலேயே வையுங்கள். பத்திரத்தை ஸ்கேன் செய்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். நல்லதுதான், ஆனால் அந்த ஸ்கேன் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எல்லாம் பத்திரமான பிறகு, வசதிப்பட்ட நேரத்தில், மகளோடு உட்கார்ந்து நடுகல் படங்களின் ஃபோல்டர்களுக்கு ஊர்ப் பெயர் போடுங்கள். கணவரோடு போய்வந்த உங்களுக்குத்தான் எந்தக் கல் எந்த ஏரிக்கரையில் இருந்தது என்பது நினைவிருக்கும். அதற்குப் பிறகு விருப்பமிருந்தால் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ இப்படி ஒரு தொகுப்பு இருப்பதாகச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கொடுப்பதாக இருந்தால் நகலை மட்டும் கொடுங்கள், எடுத்தவர் பெயர் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூத்துப் பதிவுகளைப் பொதுவில் வெளியிடும் முன் பாடியவர்களையோ அவர்கள் குடும்பத்தையோ ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் குரலில் அவர்களுக்கும் உரிமை உண்டு.